சாக்குத் தூசியும் அஞ்சலையின் மூச்சும்

முதலில் அதைக் கோழிக்குஞ்சின் சத்தம் என்றுதான் நினைத்தேன்.

வாசல்படியில் அஞ்சலையை உட்கார வைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தேன். எங்கேயோ ஒரு குஞ்சு மெல்லிசாகக் கீச்சிட்டது. படுக்கும் பலகை மேடைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அடுப்புக்குப் பின்னால் பார்த்தேன். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யாரிடமும் கோழியே இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. இருந்ததையெல்லாம் ஜப்பான்காரர்கள் வந்த புதிதிலேயே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

திரும்பி வந்து சீப்பைக் கையில் எடுத்தேன். சத்தம் என் மகளின் முதுகுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

அவளுக்கு அப்போது ஆறு வயது. இதை எழுதும் எனக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூச்சிழுப்பு வரும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் தாய் தகப்பன்மாருக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி உட்கார்ந்திருந்தேன். என்னைப் பலபேர் சேர்ந்து எழுப்பி நிறுத்தினார்கள்.

எங்கள் தோட்டம் மலாயாவில், சிரம்பானிலிருந்து போர்டிக்சன் போகிற வழியில் இருந்தது. ரப்பர் தோட்டம். வெள்ளைக்கார துரை ஓடிப்போன பிறகு பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் பால்மரம் வெட்டு வேலை நின்றுபோனது. மரங்களைச் சாய்த்துவிட்டு மரவள்ளிக்கிழங்கு நட்டோம். கிழங்கையே சீவிக் காயவைத்தோம், அதையே மாவாக்கினோம், அதையே தின்றோம். என் வீட்டுக்காரர் பெயர் கோவிந்தன். பழைய ரப்பர் ஸ்டோரைத் தானியக் கிடங்காக மாற்றியிருந்தார்கள். அதில் மூட்டை தூக்கும் வேலை அவருக்கு. காய்ந்த கிழங்கு வில்லை, மரவள்ளி மாவு, தவிடு, சில சமயம் நெல். எல்லாம் சாக்கில் வரும், சாக்கில் போகும்.

அந்த வேலை எங்களுக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு. சயாமில் (தாய்லாந்தில்) ரயில் பாதை போடுவதற்கு ஜப்பான்காரர்கள் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் லயத்தில் மட்டும் பாதி வீடுகளில் ஆம்பிளை இல்லை. ஸ்டோர் ஆட்களை மட்டும் பட்டியலில் சேர்க்காமல் எங்கள் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) எப்படியோ காப்பாற்றி வைத்திருந்தார்.

துணிக்குப் பெரும் பஞ்சம். எங்களிடம் இருந்த கம்பளி நைந்து நூலாகப் போய்விட்டது. மழைக்காலத்தில் பிள்ளை குளிரில் சுருண்டு படுப்பதைப் பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரர் கிராணியிடம் நாலைந்து நாள் நடையாய் நடந்து எட்டு சாக்குகளைக் கேட்டு வாங்கி வந்தார். அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. அன்னாசி இலை நாரால் சாக்குகளை மூட்டினேன். நாலைச் சேர்த்துத் தைத்து உள்ளே இலவம்பஞ்சும் காய்ந்த லாலாங் புல்லும் அடைத்து மெத்தை செய்தேன். இரண்டு போர்வை. ஒன்று தலையணை. மிச்சமிருந்த ஒன்றில் அவருக்குக் கால்சட்டை தைத்தேன். சவுக்காரம் கிடைக்காது, வெந்நீரில் அலசினால் சாக்கு இற்றுப்போகும் என்று அலசவே இல்லை. அஞ்சலை அந்த மெத்தையில் குப்புறப் படுத்து, முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு தூங்குவாள். கதகதப்பாக இருக்கிறது என்பாள்.

அதற்கப்புறம் சில வாரங்களில்தான் அந்தக் கீச்சுச் சத்தம்.

முதலில் விடியற்காலையில் மட்டும் வந்தது. பிறகு சாயங்காலமும் வந்தது. மூச்சை விடும்போது நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். விலா எலும்புகளுக்கு நடுவில் சதை உள்ளே குழியும். தோள் இரண்டும் காதை நோக்கி ஏறும். படுக்க முடியாது. பேசினால் ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்குவாள். “அம்மா… தண்ணி… வேணாம்… நிமித்தி… வை.”

துளசிச் சாறு கொடுத்தேன். சுக்குக் கஷாயம் கொடுத்தேன். நெஞ்சில் தேங்காயெண்ணெய் சூடாக்கித் தேய்த்தேன். தொண்டைக்கு இதமாக இருந்தது என்பதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

லயத்தில் பேச்சு கிளம்பியது. இது சயரோகம் (நுரையீரலை அரிக்கும் காசநோய்), ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். அஞ்சலை போய் நின்றால் மற்றப் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். அவர்கள் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. மருந்தில்லாத காலத்தில் பயம் ஒன்றுதான் அவர்கள் கையில் இருந்த தடுப்பு. ஆனால் அன்று, என் பிள்ளை தனியாகக் குழாயடியில் நின்று மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எனக்கு அந்த லயத்தையே கொளுத்திவிடலாம் போலிருந்தது.

விலகிப் போகாதவள் பக்கத்து வீட்டுப் பச்சையம்மா அக்கா ஒருத்திதான். அவள் புருஷன் சயாமுக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை குட்டி இல்லை.

“பாக்கியம், இது நோவு இல்ல. புள்ள எதையோ பாத்துப் பயந்திருக்கு. வெள்ளிக்கிழம உச்சி வேளையில சாம்பிராணி போட்டு, வேப்பெலயும் வெளாமிச்ச வேரும் பொகச்சுக் காட்டுனா எறங்கிரும்” என்றாள்.

நான் சரியென்றேன். அவள்மேல் மட்டும் பழியைப் போட எனக்கு மனம் வராது. தணல் சட்டியை நான்தான் கொண்டுவந்து வைத்தேன். புகை வெளியே போகக்கூடாதென்று கதவைச் சாத்தியதும் நான்தான்.

கொஞ்ச நேரத்திலேயே அஞ்சலையின் மூச்சு மாறியது. விசில் சத்தம் உயர்ந்துகொண்டே போய், பிறகு குறைந்தது. சத்தம் குறைந்ததைப் பார்த்து “எறங்குது, எறங்குது” என்றாள் அக்கா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உங்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: இழுப்பு கடுமையாக இருக்கும்போது சத்தம் திடீரென்று அடங்கினால் அது குணம் இல்லை. சத்தம் போடுவதற்குக்கூடக் காற்று போகவில்லை என்று அர்த்தம். அவள் உதடு நாவற்பழம் தின்றவள்போல் கறுத்தது. கண் மேலே போனது.

கதவைத் தள்ளித் திறந்து, பிள்ளையை வாரிக்கொண்டு ஸ்டோரைப் பார்த்து ஓடினேன். என் வீட்டுக்காரர் தோளில் இருந்த மூட்டையை அப்படியே கீழே போட்டுவிட்டு வந்தார். இரண்டு தோட்டங்களுக்குப் பொதுவான ஆஸ்பத்திரி மூன்று மைல் தள்ளி இருந்தது. மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு ஓடினோம். வழியில் ஒரு பாலத்தடியில் அவள் பெரிதாக ஒரு மூச்சை இழுத்து இருமினாள். ஆற்றுக் காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த இருமலைப்போல இனிமையான சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை. டாக்டருக்கு உதவியாக இருந்து மருந்து கட்டும் ஒரு டிரஸ்ஸர் மட்டும் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். டாக்டரின் வேலையும் மருந்து கலக்கும் வேலையும் காவல்காரன் வேலையும் அவருக்கே. பிள்ளையைப் படுக்க வைக்கப் போன என்னைத் தடுத்தார்.

“படுக்க விடாதை. உன்ரை மடியிலை இருத்து. முன்னுக்குச் சாய்ஞ்சு இருக்கட்டும்.”

உள்ளே திரும்பித் தன் மனைவியிடம் கடுங்காப்பி போடச் சொன்னார். பால் இல்லாத, சர்க்கரை இல்லாத, கறுத்த காப்பி. அதைக் கரண்டி கரண்டியாக ஊட்ட வைத்தார். காப்பியின் காரத்துக்கு மூச்சுக்குழாயைக் கொஞ்சம் தளர்த்தும் குணம் உண்டு என்று பிறகு சொன்னார். வேறு எதுவுமே இல்லாத காலத்து வழி அது. இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. தயவுசெய்து காப்பியை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

மூச்சு கொஞ்சம் இறங்கியதும் நெஞ்சிலும் முதுகிலும் குழாய் வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார்.

“காய்ச்சல் வாறதோ? இருமேக்க ரத்தம் வந்ததோ?”

“இல்லிங்க ஐயா.”

“மெலிஞ்சு போனாளோ?”

“எல்லாருமேதானுங்க ஐயா மெலிஞ்சு போயிட்டோம்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். சிரித்ததற்காக வருத்தப்பட்டவர்போல உடனே முகத்தை மாற்றிக்கொண்டார்.

“இது காசமில்லைப் பிள்ளை. ஆருக்கும் ஒட்டாது. இது ஆஸ்துமா.”

ஆஸ்துமா (மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சுருங்கி, சளி அடைத்து, உள்ளே போன காற்று வெளியே வரத் திணறும் நோய்) என்ற சொல்லை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன். 

“மருந்து இருக்குதுங்களா ஐயா?” என்று கேட்டேன்.

அவர் எழுந்து போய் அலமாரியைத் திறந்து காட்டினார். காலிச் சீசாக்கள் கழுவித் துடைத்து வரிசையாக நின்றன.

“மருந்து இருக்குது. இந்த அலுமாரிக்குள்ளதான் இல்லை” என்றார். “சில பிள்ளையளின்ரை நெஞ்சுக்குச் சில சாமான் ஒத்துக்கொள்ளாது. புகை எண்டால் ஆருக்கும் ஆகாது, அதை நீ இண்டைக்குக் கண்டிட்டாய். ஆனா அது மட்டும் இல்லை. வேறை என்னவோ ஒண்டு நெடுகிலும் இவளைப் பிடிச்சுக்கொண்டு இருக்குது. அது என்ன எண்டு எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும்.”

“எனக்கா ஐயா?”

“எங்கை இருக்கேக்க வருது, எங்கை இருக்கேக்க வரேல்லை. கண்ணை வைச்சுப் பாத்துக்கொண்டு வந்து சொல்லு.”

இத்தனை நாள் நான் கேட்டதெல்லாம் என் பிள்ளைக்கு ஏன் இப்படி வந்தது என்றுதான். எந்த இடத்தில் வருகிறது என்று கேட்கத் தோன்றவே இல்லை. அந்த ஒரு கேள்விக்காக அவருக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

இரண்டு நாள் எங்களை அங்கேயே வைத்துக்கொண்டார். மெத்தைகளையெல்லாம் ராணுவம் எடுத்துக்கொண்டு போயிருந்தது. அஞ்சலை வெறும் பலகைக் கட்டிலில் படுத்தாள். இரண்டு விடியற்காலையும் விசில் இல்லை. குணமாகிவிட்டது என்று வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மறுநாள் விடியும் முன்பே நெஞ்சுக்குள் குஞ்சு கத்தியது.

அன்றிலிருந்து நான் கண்ணை வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

கிழங்குக் காட்டுக்கு அவளைக் கூடவே கூட்டிப்போனேன். பகல் முழுக்க ஒன்றுமில்லை. மண்ணில் புரண்டாள், கிழங்குச் செடியின் கொழுந்து பறித்தாள், ஒன்றுமில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வரும். அடுப்புப் புகையாக இருக்குமோ என்று அடுப்பை வெளியே தாழ்வாரத்துக்கு மாற்றினேன். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. அப்பா வேலையிலிருந்து வந்தவுடன் ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு, வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் தும்மல். பிறகு மூக்கில் நீர். பிறகு இழுப்பு. ஒரு வாரம் தினமும் இதே வரிசை. பார்த்ததை நான் நம்ப மறுத்தேன். தகப்பனைத் தொட்டால் எந்தப் பிள்ளைக்காவது மூச்சு முட்டுமா?

தோட்டத்தில் ஆயாக் கொட்டகை ஒன்று இருந்தது. முன்பு தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம். அப்போது காலியாகக் கிடந்தது. சிமெண்டுத் தரை. அதைத் தண்ணீர் விட்டுக் கழுவி, மூன்று நாள் அவளும் நானும் அங்கே வெறுந்தரையில் படுத்தோம். குளிர்ந்தது, என் மேலே அவளைப் போட்டுக்கொண்டேன். மூன்று காலையும் அமைதி. நாலாம் நாள் வீட்டு மெத்தைக்குத் திரும்பினோம். இழுப்பு வந்தது.

அன்று வெயில் ஏறியதும் மெத்தையைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்து ஒரு கம்பால் அடித்தேன். ஒரே அடிதான். பழுப்பும் வெள்ளையுமாக ஒரு புகை கிளம்பி வெயிலில் சுழன்றது. சாக்கு நார், தவிடு, மரவள்ளி மாவு, இலவம்பஞ்சு, எல்லாம் பொடியாகி எத்தனையோ மாதமாக அதற்குள் கிடந்திருக்கின்றன. எனக்கே இருமல் வந்தது. பத்தடி தள்ளி நின்ற அஞ்சலை தும்ம ஆரம்பித்தாள். கம்பை அப்படியே போட்டேன்.

இத்தனை நாளும் அவள் முகம் புதைத்துத் தூங்கியது இதில்தான்.

சாயங்காலம் அவர் வந்தபோது வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன். அவர் மெத்தையைப் பார்த்தார். பிறகு தான் போட்டிருந்த சாக்குக் கால்சட்டையைப் பார்த்தார். மாவு படிந்து வெளுத்துப்போயிருந்த தன் கைகளைப் பார்த்தார்.

“நான் கெஞ்சி வாங்கியாந்த சாக்காச்சே, புள்ள” என்றார்.

அன்று அவர் சாப்பிடவில்லை. அஞ்சலை “அப்பா” என்று ஓடிவந்தபோது இரண்டடி பின்னால் போனார். பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. தான் என்ன தப்பு செய்தோம் என்று என்னைப் பார்த்தாள்.

மறுநாள் அவர் கிராணியிடம் போய் வேறு வேலை கேட்டார். கிராணி கெட்டவர் இல்லை. “கோவிந்தா, ஸ்டோர்ல இருக்கிற வரைக்கும் உன் பேரு என் கையில. வெளிய போனா என் கையில இல்ல. அப்புறம் என்னைக் கேக்காத” என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தவர் ஒரு முடிவோடு வந்தார். “சயாமுக்குப் போனா போறேன் புள்ள. அவ மூச்சு விட்டா எனக்குப் போதும்.”

“நீங்க போயிட்டா அவ யாரைப் பாத்து மூச்சு விடுவா?” என்றேன். எங்கள் குடும்ப வாழ்க்கையில் நான் அவரை எதிர்த்துக் குரல் உயர்த்தியது அந்த ஒரு நாள்தான்.

மறுபடி ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். கண்டதையெல்லாம் டிரஸ்ஸர் ஐயாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் மேசையை ஒருமுறை தட்டினார்.

“நீ கெட்டிக்காரி. பெரிய டாக்குத்தர்மாருக்கே இது பிடிபட நாளாகும்.” பிறகு வேலை விஷயத்தையும் கேட்டார். “அவரை வேலையை விடச் சொல்லாதை. உடுப்பை விடச் சொல்லு. ஸ்டோர் உடுப்பு ஸ்டோரோடை நிக்கட்டும். ஆத்திலை தலை முழுகி, வேறை துணி கட்டிக்கொண்டு வரட்டும்.”

எளிதான வழிதான். ஆனால் எங்களிடம் அந்த வேறு துணி இல்லை. நான் கட்டியிருந்த ஒரே சேலையும் பாதிக்குமேல் ஒட்டு. அவருக்குச் சாக்குக் கால்சட்டையும் ஒரு கோவணமும். பிள்ளைக்கு விரிக்க எதுவுமே இல்லை.

லயத்து வீடுகளுக்கு நடுவில் இருக்கும் பலகைச் சுவர் கூரை வரை போகாது. ஒரு வீட்டில் பேசினால் அடுத்த வீட்டில் கேட்கும். நாங்கள் இதைப் பேசிக்கொண்டிருந்ததைப் பச்சையம்மா அக்கா கேட்டிருக்கிறாள். அந்தச் சாம்பிராணி நாளுக்குப் பிறகு அவள் எங்கள் பக்கம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. காலையில் வாசலில் வந்து நின்றாள். கையில் அரக்குச் சிவப்பில் ஒரு நூல் சேலை. அவளுடைய கல்யாணக் கூறைச் சேலை. தோட்டமே சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்தபோதும் பெட்டிக்கு அடியில் அதை வைத்துக் காப்பாற்றியிருந்தாள். புருஷன் திரும்பி வரும் நாளில் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

“வேணாங்க்கா” என்றேன்.

“அன்னிக்குப் பொகை போட்டது நான்தான?”

“கதவச் சாத்துனது நான்.”

“அப்ப ரெண்டு பேரும் சேந்து கிழிப்போம். அந்த முனையப் புடி.”

அவள் பல்லால் ஓரத்தைக் கடித்துவிட்டாள். இருவரும் இழுத்தோம். துணி கிழியும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. முடிந்ததும், “அவரு வந்தாருன்னா என்னியத்தான் பாப்பாரு, சேலையவா பாக்கப் போறாரு?” என்றாள்.

ஒரு பாதியை மறுபடி இரண்டாக்கி அஞ்சலைக்கு விரிப்பும் போர்வையும் ஆக்கினோம். மறுபாதி என் வீட்டுக்காரருக்கு. ஸ்டோரில் வேலை முடிந்ததும் கால்சட்டையை அங்கேயே ஆணியில் மாட்டிவிட்டு, ஆற்றில் முங்கி எழுந்து, சரிகைபோல மஞ்சள் கரையிட்ட அந்தச் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு லயத்து வழியாக நடந்து வருவார். முதல் நாள் வாசல்தோறும் சிரிப்பு. “கோவிந்தன் மாப்பிள்ள வர்றாருடோய்!” என்று கத்தினார்கள். அவரும் சிரித்துக்கொண்டே வந்தார். அஞ்சலையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவள் தும்மவில்லை.

சாக்குகளை எரித்துவிடப் போனார். வேண்டாமென்று ஆற்றுக்கு அக்கரையில், மலாய்க்காரர்களின் கிராமமான கம்பத்துக்குக் கொண்டுபோனேன். நெல் கட்டச் சாக்கு தேடிக்கொண்டிருந்த ஒரு மலாய்க்கார அம்மாள் அவற்றை வாங்கிக்கொண்டு மெங்குவாங் தாழையில் பின்னிய பாய் ஒன்று கொடுத்தார். எதற்கு என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயில், “அனாக் சாக்கிட்” என்றேன், பிள்ளைக்குச் சுகமில்லை என்று. அவர் உள்ளே போய் இன்னொரு பாயும் ஒரு பிடி காப்பிக்கொட்டையும் கொண்டுவந்து கையில் திணித்தார். பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன்.

பிறகு நாங்கள் செய்தவை இவைதான். பாயைத் தினமும் ஈரத்துணியால் துடைத்தேன். விரிப்பையும் போர்வையையும் வாரம் ஒருமுறை சாம்பல் தண்ணீரில் கொதிக்க வைத்து நல்ல வெயிலில் காயப்போட்டேன். தரையை வெறும் விளக்குமாற்றால் பெருக்குவதை நிறுத்தி, தண்ணீர் தெளித்த பிறகே பெருக்கினேன். அப்போதும் அவளை வெளியே அனுப்பிவிடுவேன். தலையணை கிடையாது. வீட்டுக்குள் புகை கிடையாது. பெரிய வைத்தியம் எதுவுமில்லை என்று பார்த்தாலே தெரியும். ஒரு நாள் விடாமல் செய்ததுதான் வைத்தியம்.

ஒரேயடியாக நின்றுவிடவில்லை. மூன்று வாரம் நன்றாக இருந்துவிட்டு ஒருநாள் மதியம் கடுமையாக வந்தது. எனக்கு எல்லா நம்பிக்கையும் போய்விட்டது. பிள்ளையை முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டு காப்பியை ஊட்டும்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். பலகைச் சுவருக்கு மேலே இருந்த இடைவெளி வழியாக வெள்ளையாக ஏதோ மிதந்து இறங்கியது. மூன்றாம் வீட்டில் காய்ந்த கிழங்கை உரலில் இடித்துக்கொண்டிருந்தார்கள். கூட உட்கார்ந்திருந்த பச்சையம்மா அக்கா எழுந்து போனாள். என்ன பேசினாளோ தெரியாது. மறுநாளிலிருந்து எங்கள் வரிசையில் இருந்த எல்லா வீட்டுக்காரிகளும் உரலைக் குழாயடிக்கு அப்பால் உருட்டிக்கொண்டுபோய் இடித்தார்கள். வெயிலில் நின்று இடிக்க வேண்டியிருந்தது. ஒருத்திகூட என்னிடம் முகம் சுளிக்கவில்லை. என் பிள்ளையைக் கண்டு கதவைச் சாத்தியவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

டிரஸ்ஸர் ஐயா ஒருநாள் தாமாகவே வந்தார். டயர் கிடைக்காததால் சக்கரத்தில் கயிறு சுற்றிய சைக்கிள். கடகடவென்று அது வருவது லயம் முழுக்கக் கேட்டது. பாயைத் தூக்கிப் பார்த்தார். உத்திரத்தின்மேல் விரலை ஓட்டி, விரலில் ஒட்டிய கரியை என் முன்னால் நீட்டினார். நான் வெட்கப்பட்டேன். “இதையும் துடை” என்றார். பிறகு அஞ்சலையின் முதுகில் குழாயை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“என்ன கேக்குது ஐயா?” என்றார் என் வீட்டுக்காரர்.

“காத்து போகுது, வருது” என்றார். “வேறை ஒண்டும் இல்லை.”

அவருக்குக் கொடுக்க எங்களிடம் அவித்த கிழங்குதான் இருந்தது. அதைப் பெரிய விருந்துபோல உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அவள் குணமாகிவிட்டாள் என்று எனக்குத் தெரிந்த நாள் வேறு. காட்டில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தேன். தூரத்திலிருந்து அஞ்சலை கூவிக்கொண்டே ஓடிவந்தாள். மேட்டுப் பாதை. எனக்கே மூச்சு வாங்கும் மேடு. வந்து நின்று, “அம்மா, குழாயடியில பெரிய உடும்பு வந்துச்சு, எல்லாரும் வெரட்டுறாங்க, பச்சையம்மா பெரியம்மா விழுந்துட்டாங்க, நீங்க வாங்க” என்றாள். உடும்பு காதில் ஏறவே இல்லை. அத்தனை சொல்லையும் ஒரே மூச்சில் சொன்னாளே என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். “இன்னொரு தடவ சொல்லு” என்றேன். அவள் எரிச்சலோடு மறுபடி முழுக்கச் சொன்னாள்.

ஜப்பான் சண்டை முடிந்தது. சயாமுக்குப் போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். பச்சையம்மா அக்காவின் புருஷன் வரவில்லை. கூட இருந்தவர் ஒருவர் வந்து, எந்த முகாமில் எந்த நோயில் போனார் என்பதைச் சொல்லிவிட்டுப் போனார். அக்கா அதன் பிறகு எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள். அவள் கண்ணை மூடும்வரை அஞ்சலைக்கு இரண்டு தாய். துணி கிடைக்க ஆரம்பித்ததும் முதல் வேலையாக என் வீட்டுக்காரர் சிரம்பானுக்குப் போய் அதே அரக்குச் சிவப்பில் ஒரு சேலை தேடி வாங்கி வந்தார். அக்கா அதை வாங்கி மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். கட்டிக்கொள்ளவில்லை. அஞ்சலையின் கல்யாணத்தில் அவளுக்குக் கட்டிவிட்டாள்.

டிரஸ்ஸர் ஐயாவுக்கு நன்றி சொல்லப் போனபோது, குடும்பத்தோடு கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். அந்த நன்றி என்னிடமே இருக்கிறது. இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த நாட்டில் அந்த ஜப்பான்காரர் காலத்தை எல்லாரும் மூன்று வருஷம் எட்டு மாதம் என்று சொல்வார்கள். எனக்கு அதில் பாதிக்குமேல் நினைவில்லை. யார் வந்தார்கள், யார் போனார்கள், எப்போது எந்தக் கொடி ஏறியது என்று கேட்டால் தெரியாது. நினைவில் இருப்பதெல்லாம் ஒரு மூச்சு வெளியே போய் அடுத்த மூச்சு உள்ளே வருவதற்குள் இருந்த நேரம்தான். அது எவ்வளவு நீளம் என்பது இழுப்பு வந்த பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியும்.

என் உடம்பும் பழையபடி ஆகவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் என் மூக்குதான் முதலில் உள்ளே நுழைகிறது. ஜன்னல் வழியாக வெயில் கோடாக விழுந்தால், அதில் மிதக்கும் பொடியை அழகு என்று என்னால் பார்க்க முடிவதில்லை. யார் இருமினாலும் என் விலாதான் முதலில் இறுகுகிறது.

அஞ்சலைக்கு இப்போது மூன்று பிள்ளைகள். சிரம்பானுக்குப் பக்கத்தில் செனாவாங்கில் வீடு. மழை தொடர்ந்து பெய்தால் கொஞ்சம் இழுக்கும். மருந்தைக் கைப்பையிலேயே வைத்திருக்கிறாள். நானும் அவளோடுதான் இருக்கிறேன். மதியம் சாப்பிட்டுவிட்டு அவள் சற்றுக் கண்ணயர்வாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, என் மூச்சை நிறுத்திக்கொண்டு அவள் மூச்சைக் கேட்பேன்.

“தூங்கலையாம்மா?” கண்ணைத் திறக்காமலே கேட்பாள்.

“கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

“என்னா கேக்குது?”

“ஒண்ணும் கேக்கல.”

“அப்புறம் என்னா? படுங்க லா” என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் படுத்து இடம் விடுவாள். நானும் படுத்துக்கொள்வேன்.